சாகச கேமும் சத்தான சமையலும்: ஒரே மாலையில் இரண்டுக்கும் இடம் தரும் முழுமையான வழிகாட்டி

1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு கணினி விளையாட்டை எழுதினார். குகைகளுக்குள் இறங்கி அவற்றுக்கு வரைபடம் போடுவதில் பெரும் ஈடுபாடு கொண்டவர் அவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் தாம் கண்ட பாதைகளைச் சொற்களாக்கி, தம் மகள்கள் விளையாடட்டும் என்று அதைச் செய்தார். 1977இல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். ‘கொலோசல் கேவ் அட்வென்சர்’ என்ற அந்தக் கேமிலிருந்துதான் சாகச கேம் என்ற வகைக்கே பெயர் வந்தது. படம் கிடையாது, ஒலி கிடையாது. ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என்று தட்டெழுதித்தான் நகர வேண்டும். தொடக்கத்தில் ஒரு சிறு கட்டடத்துக்குள் நான்கு பொருள்கள் கிடக்கும்: சாவிக்கொத்து, விளக்கு, தண்ணீர்ப் புட்டி, சுவையான உணவு. அந்த உணவை அவசரப்பட்டு நீங்களே தின்றுவிட்டால், பின்னால் குகைக்குள் சீறி நிற்கும் கரடியைச் சாந்தப்படுத்தக் கையில் ஒன்றும் இருக்காது.

சாகச கேம் பிறந்த நாளிலிருந்தே உணவு அதன் பைக்குள் இருக்கிறது. ஆனால் விளையாடுகிறவரின் தட்டில்தான் பெரும்பாலும் நல்ல உணவு இருப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பிய பின் மிஞ்சுவது மூன்று, நான்கு மணி நேரம். விளையாட விரும்புகிறவர் அந்த நேரத்தைச் சமையலிலிருந்துதான் வெட்டி எடுக்கிறார். நானும் பல ஆண்டுகள் பொட்டலத் தீனியோடுதான் திரைமுன் உட்கார்ந்திருந்தேன். பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. சாகச கேம் காத்திருக்கும், அடுப்பு காத்திருக்காது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மாலை முழுவதையும் அதைச் சுற்றியே வகுத்துவிடலாம். கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

முதல் படி: நிறுத்தினால் நிற்கும் கேமைத் தேர்ந்தெடுங்கள்

இணையத்தில் பிறரோடு அணி சேர்ந்து மோதும் கேம்களை நடுவில் நிறுத்த முடியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அணியினருக்குச் செய்யும் துரோகம். அவற்றைச் சமையலோடு சேர்த்து வைக்கவே வேண்டாம். தனியாக விளையாடும் சாகச கேம் அப்படியல்ல. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் வீரன் காலைத் தூக்கிய நிலையிலேயே நிற்பான். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாலும் அதே இடத்தில்தான் இருப்பான்.

இந்த வகைக்குள்ளும் பல கிளைகள் உண்டு. 1993இல் மில்லர் சகோதரர்கள் உருவாக்கிய ‘மிஸ்ட்’ போன்றவை முழுக்க முழுக்கப் புதிர்கள்; ஆளற்ற தீவு, விளங்காத இயந்திரங்கள், கூர்ந்து பார்க்கும் கண். ‘செல்டா’ வரிசை போன்றவற்றில் புதிரோடு சண்டையும் கலந்திருக்கும். 2016இல் வந்த ‘ஃபயர்வாட்ச்’ போன்றவற்றில் கதையும் உரையாடலுமே முதன்மை. களைத்து வரும் வாரநாள் மாலைக்குக் கதையும் புதிரும்தான் ஒத்துவரும் என்பது என் அனுபவம். சண்டை மிகுந்தவற்றை விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன். பசியோடு போடும் சண்டையில் எரிச்சல்தான் மிஞ்சும்.

புதிதாகத் தொடங்குகிறவர் நூறு மணி நேரம் விழுங்கும் பெருங்கேமைத் தொடாமலிருப்பது நல்லது. 2019இல் வெளிவந்த ‘எ ஷார்ட் ஹைக்’ ஒரு மலையேற்றம். பறவைக் குட்டி ஒன்று வழியில் எல்லோரிடமும் பேசிக்கொண்டு உச்சிக்குப் போகிறது. ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். 2012இல் வந்த ‘ஜர்னி’யும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான், சொல் ஒன்றுகூடப் பேசாமல் மனத்தைக் கரைத்துவிடும். சமையலே புதிராக வரும் கேமும் இருக்கிறது. 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்தும் கறைபட்டும் போன குறிப்பேட்டை வைத்து, விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். ஒரே மாலையில் முடித்துவிடலாம். தமிழில் படிக்கிற எவரும் அதைத் தவறவிடக் கூடாது.

பழைய கேம்களைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் சாகச கேம்கள் பலவற்றில் தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்க மறந்தால், பல மணி நேரம் கழித்து வழி முற்றாக அடைபட்டுப் போகும். அடைபட்டது என்றுகூடச் சொல்லாது. கேம் வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் அந்த வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். 1990இல் அவர் தலைமையில் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ கேமில் வீரன் ஏறக்குறைய சாகவே மாட்டான். பத்து நிமிடம் மூச்சடக்க வல்லவன் என்று பெருமை பேசுகிறவனை அதற்கு மேலும் நீருக்கடியில் விட்டுவைத்தால்தான் ஆபத்து. தவறு செய்ய இடம்கொடுக்கும் இப்படிப்பட்ட கேம்களில் தொடங்குங்கள்.

வாங்கும் முன் இரண்டைச் சரிபார்த்தால் போதும். வேண்டிய இடத்தில் சேமிக்க முடியுமா? முடியாதென்றால், ஒரு சேமிப்பிடத்திலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை மணிக்கு மேல் என்றால் அது வாரநாளுக்கான கேம் அல்ல.

இரண்டாம் படி: பையைத் திறந்து இருப்பைப் பாருங்கள்

சாகச கேம் விளையாடுகிறவர்களுக்கு இயல்பாகவே வாய்த்த ஒரு பழக்கம், வழி தெரியாதபோது பையைத் திறந்து என்னென்ன வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது. அதே கையால் சமையலறை அலமாரியைத் திறங்கள். ‘இன்று என்ன சமைக்கலாம்’ என்று வெறுங்காற்றில் யோசிப்பதுதான் மனிதனைக் களைக்க வைக்கிறது. ‘இருப்பதை வைத்து என்ன செய்யலாம்’ என்பது புதிர். அதை அவிழ்ப்பதில் சுகம் உண்டு.

நான் தேடுவது ஐந்து: ஒரு தானியம், ஒரு பயறு அல்லது முட்டை போன்ற புரதம், இரண்டு காய்கள், ஒரு கீரை, கொஞ்சம் புளிப்பு. இவை இருந்தால் எந்த மாலையும் வெறுமையாகப் போகாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே இருப்பதையும் வைத்த தேதியையும் எழுதுங்கள். கேமின் இருப்புப் பட்டியல் தானாகவே நிரம்பும். இதை நாம் எழுதினால்தான் உண்டு.

தட்டை எப்படி நிரப்புவது? ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி 2011இல் வெளியிட்ட அளவு நினைவில் வைக்க எளிது: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு புரதம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி சாப்பிடச் சொல்கிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். பொட்டலங்களில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. திரைமுன் உட்கார்ந்து காலிசெய்யும் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேமிடமிருந்தே பாடம் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கேமில் வீரன் தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறான். ஒரு பாத்திரத்தில் அதிகபட்சம் ஐந்து பொருள்கள்தான். குளிரைத் தாங்க வைக்கும் மிளகாயோடு வேறொரு ஆற்றல் தரும் காளானைச் சேர்த்தால் இரண்டின் பயனும் போய்விடும். ஒரே நோக்கமுடைய பொருள்களைச் சேர்த்தால் பயன் கூடும். புதிதாகச் சமைக்கிறவர் செய்யும் பெரும் பிழையும் இதுதான். கிடைத்த மசாலா எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டுவது. இஞ்சியும் மிளகும் முன்னே நிற்கும் உணவு, அல்லது சீரகமும் பூண்டும் முன்னே நிற்கும் உணவு என்று ஒன்றைத் தீர்மானியுங்கள். மற்றவை பின்னே நிற்கட்டும்.

மூன்றாம் படி: ஓய்வு நாளில் அடித்தளம் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். வாரநாள் மாலைகளின் விதி விடுமுறை நாளின் இரண்டு மணி நேரத்தில் முடிவாகிறது.

முந்தைய இரவே ஒரு பயறை ஊறவைக்க வேண்டும். கொண்டைக்கடலை என்றால் 8 முதல் 12 மணி நேரம். 200 கிராம் உலர்ந்த கடலை வெந்தபின் ஏறத்தாழ இரண்டரை, மூன்று கோப்பை வரும். பிரஷர் குக்கரில் கால் மணியிலிருந்து இருபது நிமிடம். திறந்த பாத்திரத்தில் ஒரு மணிக்கும் மேல். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை வேகும் முன்பே சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் பயறின் தோல் இறுகி வேக மறுக்கும். எவ்வளவு நேரமானாலும் கடலை கல்லாகவே இருக்கிறதே என்று பலர் வருந்துவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் கடினநீர். அதற்கு ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும்.

சிவப்பு ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சுவை பற்றியதல்ல, பாதுகாப்பு பற்றியது. அதில் லெக்டின் வகை நச்சு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம். அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. வெறும் சூட்டில் அரைகுறையாக வேகவைத்தால் நச்சு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும் உண்டு. ‘காலையில் போட்டால் மாலையில் தயார்’ என்று ஊறிய ராஜ்மாவை நேரே ஸ்லோ குக்கரில் போடுகிறவர்கள் கட்டாயம் முதலில் அடுப்பில் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பயறு வேகும்போதே கைகளுக்கு வேலை உண்டு. வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். கேரட், முட்டைக்கோஸ் போன்ற உறுதியான காய்களை வெட்டி மூடி வையுங்கள். கீரையையும் தக்காளியையும் முன்கூட்டியே நறுக்க வேண்டாம். அவை வாடிப் போகும். அரை டஜன் முட்டைகளை வேகவைத்து ஓட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம்வரை தாங்கும். இஞ்சி பூண்டை அரைத்துச் சிறு கட்டிகளாக ஃப்ரீசரில் உறைய வைக்கலாம். வாரநாளில் ஒரு கட்டியை எடுத்து வாணலியில் போட்டால் முடிந்தது.

சேமிப்பில் கண்டிப்பு வேண்டும். சமைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. வெந்த பயறைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று, நான்கு நாள் இருக்கும். அதற்கு மேல் வேண்டியது ஃப்ரீசருக்குப் போகட்டும். சோறு இன்னும் விரைவில் கெடும். அதிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் குளிரவைத்து மறுநாளே முடித்துவிடுவது என் வழக்கம். மீண்டும் சூடாக்கும்போது ஆவி பறக்க, நடுப்பகுதிவரை சூடேற வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடியும் சூடாக்காதீர்கள்.

நான்காம் படி: கைவேலையையும் கடிகார வேலையையும் பிரியுங்கள்

எந்தச் சமையலையும் இரண்டாகப் பிரிக்கலாம். நறுக்குவது, வதக்குவது, பொரிப்பது எல்லாம் கைவேலை. கண்ணும் கையும் அங்கேயே இருக்க வேண்டும். ஊறுவது, மூடிபோட்டு மெல்லிய தீயில் வேகுவது, ஆறுவது எல்லாம் கடிகார வேலை. டைமரும் அவ்வப்போது ஒரு பார்வையும் போதும். கேமுக்கான இடம் கடிகார வேலையில் மட்டும்தான் இருக்கிறது.

எண்ணெய் சூடாகும் அடுப்பை விட்டு ஓர் அடிகூட நகராதீர்கள். சமையலறைத் தீ விபத்துகளுக்கு முக்கியக் காரணம் கவனிப்பாரற்ற அடுப்புதான். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் பாத்திரத்தை மூட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

மெல்லிய தீயில் வேகும் நேரத்தில் விளையாடுவதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஹெட்போன் போடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் காதை மூடிக்கொண்டு ஒரு புதிரில் ஆழ்ந்திருந்தேன். அடுத்த அறையில் கொண்டைக்கடலை நீர் வற்றிக் கருகிக்கொண்டிருந்தது. புகை இந்த அறைக்கு வந்தபிறகுதான் எழுந்தேன். அன்று பாத்திரம் மட்டும்தான் போனது. அதற்கு மேல் எதுவும் போகாதது நல்லகாலம். அன்றிலிருந்து தனியாக ஒரு சமையல் டைமர் வைத்திருக்கிறேன். கைபேசி டைமர் எனக்கு உதவவில்லை. மணியடித்ததும் கை தன்னிச்சையாக அதை அமைதியாக்கிவிட்டு விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. சமையல் டைமரைச் சமையலறையிலேயே விட்டுவைத்தால், அதை நிறுத்தவாவது எழுந்து போயாக வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே தடவையாக வைக்காதீர்கள். இருபது நிமிடம் வேக வேண்டியதற்கு இரண்டு முறை எழுந்து பாருங்கள். கரண்டியால் அடியைத் தொட்டு, நீர் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதுகுக்கும் அது நல்லது.

ஐந்தாம் படி: ஒரு மாலையை முழுதாக ஓட்டிப் பாருங்கள்

இருவருக்கான கொண்டைக்கடலைக் காய்க்கூட்டும் பழுப்பரிசிச் சோறும். ஓய்வு நாளில் வேகவைத்த கடலை ஒன்றரைக் கோப்பை, வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, தக்காளி மூன்று, கீரை இரண்டு கைப்பிடி, பூண்டு மூன்று பல், விரல்நுனி அளவு இஞ்சி, சீரகம், மிளகு, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை பாதி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசிதான் முதலில். ஒரு கோப்பைப் பழுப்பரிசியைக் கழுவி இரண்டே கால் கோப்பை நீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள். அதற்கு 40, 45 நிமிடம் வேண்டும். மாலையின் பெரிய கடிகாரம் அதுதான். மற்ற எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

கைகால் கழுவி, ஓய்வு நாளில் நறுக்கிய வெங்காயத்தை எடுங்கள். எண்ணெய் சூடானதும் சீரகம், பிறகு வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. நடுத்தரத் தீயில் எட்டு, பத்து நிமிடம். இங்கே அவசரப்பட்டால் உணவு முழுவதும் பச்சை வாடை அடிக்கும். வெங்காயத்தின் நீர் வற்றும்வரை அது ஆவியில் வேகத்தான் செய்யும். நீர் போனபிறகுதான் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி, பொன்னிறமும் அந்த இனிய மணமும் வரும். வாணலியில் காயைக் குவித்தால் வதங்காமல் அவிந்துபோவதும் இதனால்தான். நிறம் மாறத் தொடங்கியதும் இஞ்சி பூண்டு, ஒரு நிமிடம். தக்காளியைப் போட்டுக் குழையும்வரை ஆறேழு நிமிடம். பிறகு கேரட், கடலை, ஒன்றரைக் கோப்பை நீர், மீதி உப்பு. கொதித்ததும் தீயைத் தணித்து மூடுங்கள்.

இப்போது உங்கள் கையில் 20 நிமிடம். 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ என்ற விண்வெளிச் சாகசத்தில் ஒரு சுற்று 22 நிமிடம்தான். அதற்குள் சூரியன் வெடித்து எல்லாம் மீண்டும் தொடங்கிவிடும். ஏறத்தாழ ஒரு சுற்றுக்கான நேரம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. சமையலறை கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் விளையாடுங்கள். இல்லையென்றால் அந்த நேரத்தில் பாத்திரங்களைக் கழுவி மேசையைத் துடைத்துவிடுங்கள். சாப்பிட்டபின் விளையாடப் போகும்போது தொட்டியில் பாத்திரம் எதுவும் கிடக்காது; அந்த நிம்மதிக்கு ஈடில்லை.

டைமர் அடித்ததும் கீரையைச் சேர்த்து மூன்று நிமிடம். அடுப்பை அணைத்தபின் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும். புளிப்பைக் கடைசியில் சேர்ப்பதில் இரட்டைப் பயன் இருக்கிறது: வெப்பத்தில் அழியக்கூடிய வைட்டமின் சி ஓரளவு தங்கும், அந்த வைட்டமின் கடலையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக உறிஞ்ச உதவும். சோறும் அப்போது வெந்திருக்கும். பத்து நிமிடம் மூடியே வைத்துப் பிறகு கிளறுங்கள்.

காய்களை எடைபோட்டால் வெங்காயம் 100, கேரட் 150, தக்காளி 300, கீரை 100 கிராம் அளவில் இருக்கும். ஆளுக்கு 325 கிராம். நாளுக்கு வேண்டிய 400 கிராமில் பெரும்பங்கு இந்த ஒரு வேளையிலேயே முடிந்துவிடுகிறது. உப்போ ஆளுக்கு ஒன்றரை கிராம் அளவுக்குள்தான்.

ஆறாம் படி: சாப்பிடும்போது திரை அணைந்திருக்கட்டும்

கவனம் வேறெங்கோ இருக்கும்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது உடலுக்கே தெரிவதில்லை. வயிறு நிறைந்தபின்னும் கை போய்க்கொண்டே இருக்கும். முக்கால் மணி நேரம் நின்று சமைத்ததை இருபது நிமிடம் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். கேமை நிறுத்திவைத்துவிட்டு வருவது போதாது. சேமித்து, திரையை அணைத்துவிட்டு வாருங்கள்.

விளையாடும்போது கொறிக்க ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், பொட்டலத்தோடு உட்காராமல் சிறு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். வறுத்த நிலக்கடலை, வெள்ளரித் துண்டுகள், விதையற்ற திராட்சை எல்லாம் நல்லவை. எண்ணெயும் மசாலாப் பொடியும் ஒட்டிய விரல்கள் கன்ட்ரோலரின் பொத்தான்களைக் கெடுக்கும். குச்சியால் குத்தி எடுக்கக்கூடிய உணவு இருவகையிலும் உகந்தது. சர்க்கரை கலந்த பானங்களுக்குப் பதில் தண்ணீர். காபியை மாலை நான்கு, ஐந்து மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் காஃபீனில் ஏறத்தாழ பாதி உடலில் இருக்கும்.

ஏழாம் படி: கேமை ஆற அமர விளையாடுங்கள்

வயிறு நிறைந்திருக்கிறது, பாத்திரம் கழுவியாயிற்று. இனி ஒன்றரை, இரண்டு மணி நேரம் முழுவதும் உங்களுடையது. இதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. சாகச கேம் கூர்ந்து பார்க்கச் சொல்லும், கேட்கச் சொல்லும், தொடர்பில்லாதவற்றைத் தொடர்புபடுத்தச் சொல்லும். அவசரமாக விளையாடினால் பாதிதான் கிடைக்கும். புதிய அறைக்குள் போனதும் ஓடாதீர்கள். நின்று நான்கு பக்கமும் பாருங்கள். சுவரில் மாட்டிய படம், திறந்து கிடக்கும் கடிதம், தூரத்தில் கேட்கும் ஓசை எதையும் யாரோ ஒருவர் யோசித்து அங்கே வைத்திருக்கிறார்.

பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ‘மிஸ்ட்’ வந்தபோது பெட்டிக்குள்ளேயே குறிப்பெழுத வெற்று நோட்டு ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். கதவின் குறியீடுகளை வரையுங்கள், பெயர்களை எழுதுங்கள், வரைபடம் போடுங்கள். அதே நோட்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்திலிருந்து சமையல் குறிப்பு எழுதுகிறேன் நான்: ‘நீர் கால் கோப்பை குறைக்கலாம்’, ‘சீரகம் கருகியது, தீ அதிகம்’. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ கேமில் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாம் அழிந்துபோகும்; தெரிந்துகொண்டது மட்டுமே மிஞ்சும். விண்கலத்தின் பதிவேடு ஒன்று அதைக் காத்து வைக்கும். சமைத்த உணவும் ஒரு வேளையில் தீர்ந்துவிடும்; அடுத்த முறைக்கு உதவுவது இந்த நோட்டில் எழுதியதுதான்.

புதிரில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முதலில் இருபது நிமிடம் விடாமல் முயலுங்கள். பிறகு எழுந்துவிடுங்கள். மறுநாள் காய் நறுக்கும்போது விடை தானாக வந்து நிற்கும். எனக்கு எத்தனையோ முறை கேரட்டுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில்தான் கதவு திறந்திருக்கிறது. இரண்டு நாளாகியும் வழி தெரியவில்லை என்றால் தீர்வுக் குறிப்பைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் முழுத் தீர்வையும் படிக்காதீர்கள். அடுத்த ஒரு படிக்கான குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். இன்னொன்று: ஒரே சேமிப்பின் மேலேயே மீண்டும் மீண்டும் சேமிக்காமல் இரண்டு, மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள். பழைய கேம்களில் உங்களைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கன்ட்ரோலரை ஒருவரும் நோட்டை இன்னொருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சமையல் பொறுப்பைக் கொடுத்தால், அன்று எந்தக் கேம் என்று முடிவெடுக்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். வயதுக்குரிய தரக்குறியீட்டை மட்டும் நீங்கள் பார்த்துவையுங்கள்.

உடலைப் பற்றி இரண்டு சொல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டருக்கு அப்பால் எதையாவது இருபது நொடி பாருங்கள். கண் எரிச்சல் குறையும். மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள். படுக்கப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சேமித்துவிட்டு எழுவது நல்ல தூக்கத்துக்கு உதவும்.

ஒரு வாரம் முழுக்கச் சமைக்கவே இல்லை, கேம் மட்டும் ஓடியது என்றால் அதைக் கவனியுங்கள். கட்டுப்பாடு கைவிட்டுப் போவதும், மற்ற எல்லாவற்றையும்விடக் கேமே முன்னுக்கு வருவதும், தீங்கு தெரிந்தும் தொடர்வதும் பொதுவாக ஓராண்டு நீடித்தால் உலகச் சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. விளையாடுகிறவர்களில் மிகச் சிலரையே அது பாதிக்கிறது. அந்த நிலைக்கு வெகுமுன்பே அடையாளம் காட்டுவது சமையலறைதான்: அலமாரியில் பயறு அப்படியே கிடக்கும், கீரை வாடிக் கிடக்கும். அப்படியானால் கேமை நிறுத்திவிடச் சொல்லவில்லை. ஒரு வாரம் மாலையின் வரிசையை மட்டும் கண்டிப்பாக்குங்கள். சமையல் முடிந்து சாப்பிட்டபின்தான் கன்ட்ரோலர்.

கேமைச் சேமித்துவிட்டுப் படுக்கப் போகும் முன் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு எந்தப் பயறு என்று நோட்டில் எழுதி, ஒரு கோப்பை அளந்து, மூன்று மடங்கு நீர் ஊற்றி மூடி வையுங்கள். அறை வெப்பமாக இருந்தால் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.